என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, இமைத்தோல்தான்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்த வறட்டு இருமல் விட்டு, முகம் தெளிந்து இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். போனில் சொல்லாமல் இவள் ஏன் காகிதத்தைத் தேடிப் போகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் பாதி சொல்லி முடிப்பதற்குள் "சரிம்மா, டென்ஷன் ஆகாதம்மா, பிரஷர் ஏறிடும்மா" என்று என் கோபத்தின் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிடுவாய். எனக்கு இந்தக் கோபம் முழுசாக வேண்டும். ஐந்து மாதமாக வாயைக் கட்டி வைத்திருந்த கோபம். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி, படித்து முடித்த பிறகு சமாதானம் சொல்.

ஐந்து மாதமாக ஏன் வீடியோவில் முகம் காட்டவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாய், நானும் கேமரா கெட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கேமராவுக்கு ஒன்றும் இல்லை. என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள், அதுதான் சங்கதி. பயப்படாதே, இதை நீ படிக்கும்போது உன் அம்மா ஸ்டியரிங் பிடித்துக்கொண்டுதான் இருப்பாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவிலேயே எழுந்து போன் செய்துவிடுவாய். இருபத்தாறு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவளுக்கு இந்த வருஷ மெடிக்கலில் வயசுக்காக ஒரு பரிசோதனை கூடியது. ஐம்பத்தைந்து தாண்டிய டிரைவர்களுக்கெல்லாம் பார்வைப் பரப்பு எவ்வளவு என்று அளப்பார்களாம். நல்லதுதான், அளக்கட்டும், நாற்பது உயிரைச் சுமந்துகொண்டு போகிறவள் கண்ணை அளக்காமல் வேறு யார் கண்ணை அளப்பது. ஆனால் என்னை எப்போது வரச் சொன்னார்கள் தெரியுமா, காலை முதல் டிரிப்பிலிருந்து ஓட்டி முடித்துவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் என் இமை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், சின்ன வயதில் நீயே "அம்மா கண்ணு பாதி கடை சாத்திடுச்சு" என்று கேலி செய்வாய்.

ஒரு இருட்டறை, அதில் பெரிய வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு மெஷின். அதற்குள் முகத்தை விட வேண்டும். ஒரு கண்ணை மூடிக் கட்டிவிட்டு, தாடையை இந்தத் தாங்கியில் வையுங்கள், நெற்றியை அந்தப் பட்டையில் ஒட்டி அழுத்துங்கள், நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியை மட்டும் பாருங்கள், கண்ணை ஆட்டக்கூடாது, சுற்றி எங்கே வெளிச்சம் மினுக்கினாலும் கையில் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள் என்று பரிசோதனை செய்கிற பெண் சொன்னாள். நானும் அழுத்தினேன். கீழே மினுக்கியது, பக்கத்தில் மினுக்கியது, மேலே மட்டும் மினுக்கவே இல்லை. மேலே ஒன்றும் வரவில்லையே, மெஷின்காரர்கள் கஞ்சத்தனம் பண்ணுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை முட்டாள்தனம் பார். வந்தது, எனக்குத் தெரியவில்லை.

காகிதம் வெளியே வந்தது. இரண்டு கண்ணுக்கும் மேல்பாதி கறுப்பு, மை கொட்டின மாதிரி. அதை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் பார்க்கிற கண் டாக்டரிடம் போனேன். அவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் சீட்டு டாக்டர், ஏனென்றால் மனிதர் சீட்டைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. கண் அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் "அழுத்தம் சரியா இருந்தும் சில பேருக்கு கிளாக்கோமா வரும்மா, நரம்பு போயிட்டிருக்கு, போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்தணும்" என்று சொன்னார். சொல்லிவிட்டு விளக்கு அடித்து உள்ளே பார்த்தார். பார்ப்பதற்கு என்ன செய்தார் தெரியுமா பாப்பா, தன் கட்டைவிரலால் என் இமையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். என் கண்ணுக்குள் பார்க்க அவருக்கு இமையைத் தூக்க வேண்டியிருந்தது. அதே கண்ணிலிருந்து வெளியே பார்க்க எனக்கும் அதைத் தூக்க வேண்டியிருக்குமே என்று அந்தப் படித்த தலைக்கு ஒரு நொடி தோன்றவில்லை. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்குக் காது சூடாகிறது. அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் நான் பஸ் ஓட்ட சம்பளம் வாங்குகிறவள், கண் பார்க்க இல்லை.

மறுநாளே வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். டிப்போ மேனேஜர், தொலைந்த பொருள் அறையில் உட்காரச் சொன்னார். ஜன்னல் இல்லாத அறை, நாற்பத்தேழு குடை, ஒற்றைச் செருப்புகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒரு ஊன்றுகோல். ஊன்றுகோலை மறந்து வைத்துவிட்டு அந்த ஆள் எப்படி இறங்கி நடந்து போனான் என்று மூன்று நாள் யோசித்தேன், யோசிக்க அங்கே வேறு வேலை இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், கூட வேலை செய்கிறவர்களின் கரிசனத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. டீயைக் கொண்டுவந்து என் கையைப் பிடித்துக் கோப்பையைச் சுற்றி விரலை மடக்கி விடுகிறார்கள். "படி இருக்குக்கா, பார்த்து" என்கிறான் ஒருத்தன், அந்தப் படியில் நான் அவன் பிறப்பதற்கு முன்பிருந்து ஏறி இறங்குகிறேன். உன் அப்பா இன்னும் ஒரு படி மேலே. மரக்கடையிலிருந்து வந்ததும் வராததுமாக நாற்காலியெல்லாம் சுவரோரம் தள்ளினார், வாசல்படி விளிம்பில் வெள்ளை பெயின்ட் அடித்தார், ரோட்டில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கடைத்தெருவில் வைத்தே அவரைப் பார்த்து நான் கத்திவிட்டேன், பாவம், மனிதர் காய்கறிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒருநாள் பீரோவுக்குப் பின்னால் ஒரு கைத்தடி இருந்தது. கடையிலேயே நல்ல கட்டையாகப் பார்த்து, சிராய் இல்லாமல் இழைத்து, பிடியை என் உள்ளங்கை அளவுக்கு வளைத்து, எண்ணெய் தடவி, எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார். நான் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், அழாதே. அவர் கடைக்குப் போன பிறகு மத்தியானங்களில் நான் கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் நடந்து பழகினேன். அடுப்படியிலிருந்து குளியலறைக்குப் பதினொரு அடி, கட்டிலிலிருந்து வாசலுக்கு ஒன்பது. உப்பு டப்பா எது, சர்க்கரை டப்பா எது என்று குலுக்கிப் பார்த்துச் சத்தத்தில் கண்டுபிடித்தேன். உன் முகம் மறந்துவிடுமோ என்று உன் கல்யாண போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்தேன், ஆனால் வீடியோவில் உன்னைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, நீ என் முகத்தில் கண்டுபிடித்துவிடுவாய் என்று. யாருக்காக இந்த ஒத்திகை, இல்லாத ஒரு நோய்க்காக! இந்த மத்தியானங்களை எனக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள். அவர்கள் கொடுத்த சொட்டு மருந்து கண்ணைக் கோவைப்பழமாக்கியது, எரிச்சல் தாங்காது. அதில் ஒரே லாபம் இமைமுடி நீளநீளமாக வளர்ந்தது. அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணமாம்.

உண்மை எங்கே வெளியே வந்தது தெரியுமா, ஆஸ்பத்திரியில் இல்லை, உன் அத்தை பார்லரில். இருக்கிற முகமாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று புருவம் திருத்தப் போனேன். அத்தை நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, "அண்ணி, புருவத்துக்கு மேல ஒரு கையால தோலை நல்லா மேல இழுத்துப் பிடிங்க" என்றாள், வழக்கமாகச் சொல்வதுதான். பாதியில் அவளுக்குப் போன் வந்தது, "அப்படியே பிடிச்சிருங்க அண்ணி, வந்துடறேன்" என்று போய்விட்டாள். நான் பிடித்த கையை விடாமல் கண்ணை மட்டும் திறந்தேன். கண்ணாடிக்கு மேலே ஒரு அலமாரி, அதில் வரிசையாக ஷாம்பூ பாட்டில், அதற்கும் மேலே கடிகாரம், பதினொன்று இருபது. தலையை நான் அசைக்கவே இல்லை. கையை விட்டேன், கடிகாரம் போயிற்று, பாட்டில் போயிற்று, ஷட்டர் இறங்கின மாதிரி. மறுபடி இழுத்தேன், வந்தது. விட்டேன், போயிற்று. அத்தை திரும்பி வந்து பார்க்கும்போது நான் இரண்டு கையாலும் இரண்டு இமையையும் தூக்கிக்கொண்டு வாய்விட்டுக் கடிகாரத்தில் மணி படித்துக்கொண்டிருக்கிறேன். "என்னாச்சு அண்ணி" என்று பதறினாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் என் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இமைத்தோல் தொங்கி முடி மேலயே உட்கார்ந்திருக்கே அண்ணி, நான் ரெண்டு வருஷமா பார்க்கிறேன், நீங்க எதைப் பார்த்தாலும் புருவத்தைத் தூக்கித்தான் பார்க்கிறீங்க, வயசானா வர்றதுதானேன்னு விட்டுட்டேன்" என்றாள். அப்போதுதான் புரிந்தது. புருவத்தைத் தூக்கியே பார்த்துப் பழகியவளை நெற்றியைப் பட்டையில் ஒட்டி அழுத்து, தாடையை ஆட்டாதே என்று கட்டிப்போட்டால் மேலே என்ன தெரியும், என் சொந்தத் தோல்தான் தெரியும்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதும் ஜன்னலில் இருந்தவர் "ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் இந்த டெஸ்ட், அதுக்கு முன்னாடி கிடையாது" என்றார். என் இமையைத் தூக்கிக் காட்டி விளக்கினேன், "அதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றார். டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஆறு மாசம் கழித்துதானாம். மூன்று நாள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போய் அந்த ஜன்னலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அந்தப் பரிசோதனைப் பெண் டீ குடிக்க வெளியே வந்தாள். வழியை மறித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "அக்கா, அன்னைக்கே எனக்குச் சந்தேகம்தான். உங்க இமை கருவிழி மேல இறங்கியிருந்துச்சு. டேப் போட்டுத் தூக்கி ஒட்டிட்டு எடுக்கலாமான்னு கேட்க நினைச்சேன். சீட்டுல எழுதலை, வெளியில இருபது பேர் உட்கார்ந்திருந்தாங்க" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டீயை வாங்கிக் கொட்டியிருப்பேன். இருபது பேர் காத்திருந்தார்கள் என்பதற்காக ஒருத்தியின் மூன்று மாதமா என்று கேட்டேன். அவள் மழுப்பவில்லை. டீயை அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போய், டாக்டரிடம் நின்று, "டேப் ஒட்டியும் ஒட்டாமலும்" என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த ஒன்றுக்காக அவளை மன்னித்தேன், முழுசாக இல்லை, முக்கால்வாசி.

முதலில் ஒட்டாமல் எடுத்தாள், பழைய கறுப்பு அப்படியே வந்தது. பிறகு மெல்லிய காகித பிளாஸ்திரியால் இரண்டு இமைத் தோலையும் புருவத்தோடு சேர்த்துத் தூக்கி ஒட்டினாள், இமைக்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டாள். பாப்பா, மேலே வெளிச்சம் மினுக்கியது. ஒன்று, இன்னொன்று, இடது ஓரத்தில், வலது உச்சியில். நான் பொத்தானை அழுத்திக்கொண்டே அழுதேன், அவள் மெஷினை நிறுத்திவிட்டு, "அக்கா, அழுதா மங்கலாத் தெரியும், அதையும் நோய்னு எழுதிடுவாங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தை முடித்தேன். இரண்டு காகிதத்தையும் சீட்டு டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ஒட்டியதில் கறுப்பே இல்லை. நரம்பை இன்னொரு தடவை நிதானமாகப் பார்த்தார், நரம்பு நன்றாக இருக்கிறதாம். "அட, அப்போ தோல்தானா" என்று சிரித்தார். "நான் சிரிக்கலை டாக்டர்" என்றேன். கொஞ்சம் கூச்சப்பட்டார். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "மெஷின் மேல தப்பில்லம்மா, உங்களுக்குத் தெரியாததைத்தான் அது தெரியலைன்னு காட்டுச்சு. டேப் இல்லாம நீங்க வண்டி ஓட்டும்போதும் மேல தெரியாதுதானே" என்றார்.

அதில் அவர் சொன்னது சரி. உன்னிடம் மறைக்க மாட்டேன். போன வருஷம் ஒரு கடைப் பலகையைப் பஸ்ஸின் மேல் விளிம்பால் உரசிவிட்டு, பலகையைத் தாழ்வாக மாட்டியிருக்கிறான் என்று கடைக்காரனோடு சண்டை போட்டேன். நாற்சந்தியில் உயரத்தில் தொங்கும் சிக்னலுக்கு ஒவ்வொரு தடவையும் தாடையைத் தூக்கித்தான் பார்த்திருக்கிறேன், அது எனக்கே தெரியாது. ஒருநாள் களைப்பில் தாடையைத் தூக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். என்னை வண்டியிலிருந்து இறக்கியது சரிதான். காரணத்தைத் தப்பாகச் சொல்லி, திரும்பாத குருடு என்று பயமுறுத்தி, தோலைத் தைத்தால் தீர்கிற விஷயத்துக்கு மருந்து ஊற்றினார்களே, அதற்குத்தான் என் கோபம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை ஜீரணிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஆபரேஷன் முக்கால் மணி நேரம்கூட இல்லை. இமையில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, மிஞ்சிய தோலைக் கத்தரித்துத் தைத்தார்கள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன், வெட்டின தோலைக் காட்டச் சொன்னேன், காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி இரண்டு துண்டு, அவ்வளவுதான், அதற்காகவா இத்தனை பாடு. இரண்டு கண்ணும் கன்றிப்போய் வீட்டுக்கு வந்தபோது அப்பா பார்த்துவிட்டு "யாரை அடிச்சே" என்று கேட்டார், அடி வாங்கினவளிடம் கேட்கிற கேள்வி இல்லை அது, என்னைத் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. பத்து நாள் ஐஸ் ஒத்தடம் கொடுத்தார். அந்தக் கைத்தடியை நானே பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போய், கொல்லையில் துணிக்கொடி தொய்ந்துபோனதற்கு முட்டுக் கொடுத்து வைத்தார்.

தையல் ஆறி, டேப் இல்லாமலே எடுத்த பரிசோதனையில் தேறி, டிப்போவுக்குப் போனேன். மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார், "கிளாக்கோமா நோயிலிருந்து குணமடைந்ததால் மீண்டும் பணியில் சேர்கிறார்" என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். வராத நோய் எப்படிக் குணமாகும், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் இவள் ஏற்கெனவே நோய்க்காரிதானே என்று இதைத்தானே நீட்டுவீர்கள் என்றேன். "எந்த வார்த்தையா இருந்தா என்னம்மா, வண்டிதான் கிடைச்சிடுச்சே, கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க" என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மனிதர் சலித்துக்கொண்டு, "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நெட்டைக்கும் இதே நோய்தான் வந்துச்சு, வேலையை விட்டுப் போற காகிதத்துல அவர் ஒரு வார்த்தை பேசாம கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு" என்றார்.

நெட்டையரை உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர், டிரைவர் சீட்டில் மடங்கித்தான் உட்காருவார். கண் போய்விட்டது என்று வேலையை விட்டு அனுப்பினார்கள், கேட்டு வருத்தப்பட்டுவிட்டு நானும் மறந்துவிட்டேன், அதுவும் என் தப்புத்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு டிவியை மூக்கு நுனி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைச் சாய்த்திருந்த விதத்திலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தால் திரைச்சீலை மாதிரி தொங்குகிறது தோல், என்னுடையதைவிட மோசம். "அண்ணே, கொஞ்சம் கண்ணைக் காட்டுங்க" என்று கேட்டுவிட்டு இரண்டு விரலால் இமையைத் தூக்கினேன். எதிர்ச் சுவரில் மேலே மாட்டியிருந்த தன் மகன் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "விடாதே" என்றார். அவர் மனைவி அடுப்படி வாசலில் நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷமாக அந்த அம்மா கையைப் பிடிக்காமல் அவர் தெருவில் இறங்கவில்லையாம்.

அவரையும் அதே பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், இந்தத் தடவை ஜன்னல்காரர் என்னைப் பார்த்ததும் சீட்டை எழுதிவிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் பொய் எழுத மாட்டேன். டேப் ஒட்டி எடுத்ததில் அவருக்கு வலது கண் முழுசாகத் தெளிந்தது. இடது கண்ணில் நிஜமாகவே நோய் இருக்கிறது, ஒரு மூலை போய்விட்டது. இரண்டு வருஷமாக எது தோல் எது நோய் என்று யாரும் பிரித்துப் பார்க்காததால், மருந்தினால் பலன் ஒன்றும் தெரியவில்லை என்று அவராகவே நிறுத்திவிட்டாராம். இப்போது அதற்குத் தனியாக மருந்து, இமைக்கு ஆபரேஷனும் ஆயிற்று. பஸ் ஓட்ட விடமாட்டார்கள். "ஒரு மூலைதானே போச்சு, நான் ரெண்டும் போச்சுன்னு உட்கார்ந்துட்டேன்" என்று சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை, அதனால் எல்லார் மேலும் பட்டேன். எனக்குக் காகிதத்தை மாற்றி எழுதி, நோய் எதுவும் இருந்ததில்லை என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள், ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்குப் பரிசோதனைக்கு முன் இமையைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டு மனுவும் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை, வரும்வரை விடுவதாக இல்லை.

வண்டி எடுத்து இன்றோடு ஒன்பது நாள். நேற்று மூன்றாவது ஸ்டாப்பில் கூட்டத்தில் எல்லார் தலைக்கும் மேலே ஒரு தலை தெரிந்தது. நெட்டையர், தன்னந்தனியாக, கையில் பால் பாத்திரம். ஏறி என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கடைசி ஸ்டாப் வரைக்கும் "கியர் போடுறியா மாவு அரைக்கிறியா, யார் சொல்லிக்கொடுத்தது உனக்கு" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி திட்டிக்கொண்டே வந்தார். வேறு யாராவது என்றால் வழியிலேயே இறக்கிவிட்டிருப்பேன். நான் வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை கியரைக் கரகரவென்று போட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையுமில்லாமல், மனசும் உடம்பும் தெம்பாக, நினைத்ததெல்லாம் கைகூடி நிறைவாக வாழ வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். முகம் உனக்கு அப்பா ஜாடை என்றாலும் கண் என் கண், அதனால் ஐம்பதைத் தொடும்போது கண் பரிசோதனைக்குப் போனால் களைத்துப்போன மத்தியானத்தில் போகாதே, அந்த மெஷினில் முகத்தை வைப்பதற்கு முன்னால் "என் இமையை ஒரு தடவை பாருங்கள்" என்று வாய் திறந்து கேள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா, கேமரா சரியாகிவிட்டது.

இப்படிக்கு,
உன்னை நேருக்கு நேர் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா